பழைய அமெரிக்க ரயில்வே பத்திரங்கள்: வாங்குவதும் வாசிப்பதும் வைத்துக்கொள்வதும்

சிவகாசியில் 34 வருஷம் அச்சகத்தில் வேலை பார்த்தேன். லித்தோவில் தொடங்கி ஆஃப்செட்டில் முடித்தேன். தீப்பெட்டி லேபிள், காலண்டர், பட்டாசு டப்பா எல்லாம் இந்தக் கை வழியாகப் போனவை. ஓய்வுக்குப் பிறகு பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஹாரிஸ்பர்க் பக்கத்துப் பழைய சாமான் சந்தையில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் காகிதம் கிடந்தது. மேலே இருந்ததை எடுத்து, பழக்கதோஷத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். மை மேடாக நின்றது. எழுத்து, ஓரத்துச் சித்திரம், நடுவில் இருந்த முகம் எல்லாமே விரலில் தட்டின. நியூயார்க் சென்ட்ரல் ரயில்ரோடு கம்பெனியின் 100 பங்குகளுக்கான ஒரே பத்திரம் அது. 5 டாலர் கொடுத்து வாங்கினேன்.

இப்போது என்னிடம் 140 சொச்சம் இருக்கின்றன. ஊரில் நண்பர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும், எப்படி வாங்குவது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன். நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: விலையைக் கேட்கும் முன்னால் பத்திரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் முழுசாக வாசியுங்கள். எது நல்ல பத்திரம், எது வீண் செலவு என்பது அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும்.

பங்கா, கடனா

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள். பங்குப் பத்திரம் என்றால் இந்தக் கம்பெனியில் இத்தனை பங்குக்கு இன்னார் சொந்தக்காரர் என்பதற்கான அத்தாட்சி. அளவில் சின்னது, ஒரே தாள், பெரும்பாலும் குறுக்குவாட்டில் இருக்கும். கடன் பத்திரம் என்றால் கம்பெனி பொதுமக்களிடம் வாங்கிய கடனுக்கான சீட்டு. அசல் எவ்வளவு, வட்டி எத்தனை சதவீதம், எதை அடமானம் வைத்திருக்கிறார்கள், எந்த நாளில் திருப்பித் தருவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தாள் பெரியது. நாலாக மடித்து வைத்திருப்பார்கள். கீழே அல்லது பக்கத்தில் தபால்தலைத் தாள் மாதிரி கூப்பன்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு கூப்பனை வெட்டிக் கொடுத்து வட்டியை வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கூப்பன்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1,000 டாலர் பத்திரம், 7 சதவீத வட்டி என்றால் ஒரு கூப்பன் 35 டாலர். கூப்பனில் தேதி இருக்கும். எந்தத் தேதி வரை வெட்டியிருக்கிறது, எதிலிருந்து வெட்டாமல் கிடக்கிறது என்று பாருங்கள். 1873 செப்டம்பர் 18 அன்று நார்தர்ன் பசிபிக் ரயில்வேக்குப் பணம் திரட்டிய ஜே குக்கின் வங்கி கதவை மூடியது. அதிலிருந்து பெரிய நெருக்கடி கிளம்பி வரிசையாகக் கம்பெனிகள் வட்டி கட்ட முடியாமல் விழுந்தன. 1870-களின் தொடக்கத்தில் வெளியான கடன் பத்திரங்களில் மூன்று நாலு கூப்பன் மட்டும் வெட்டப்பட்டு மீதி அப்படியே இருந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று தேதியே சொல்லிவிடும். யாரோ ஒருவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்த நாள் அது. அதனால் கூப்பன்களைத் தனியாகப் பிரித்து விற்பவரிடம் வாங்காதீர்கள், உங்களிடம் இருப்பதையும் பிரிக்காதீர்கள்.

விரலும் லென்சும்

அச்சைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரிய ரயில் கம்பெனிகளின் பத்திரங்கள் எஃகுத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்டவை. செதுக்கிய பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஈரப்படுத்திய காகிதத்தை வைத்து பலத்த அழுத்தம் கொடுப்பார்கள். காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால்தான் கோடு மேடாக நிற்கிறது. ரூபாய் நோட்டில் காந்தி படத்தைத் தடவினால் தெரியுமே, அதே சங்கதி. அமெரிக்காவில் இந்த வேலையில் பெரிய பெயர் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி. 1858-இல் ஏழு செதுக்குக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது. பத்திரத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டவர் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் பத்திரத்தில் நியூயார்க் சென்ட்ரலை வளர்த்த கார்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் முகம் இருக்கிறது. அவர் கன்னத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். கன்னம் எப்படி வளைகிறதோ அதே வளைவில் மெல்லிய கோடுகள் போகின்றன. இன்னொரு வரிசைக் கோடுகள் அவற்றைச் சாய்வாகக் குறுக்கே வெட்டுகின்றன. வெட்டிய இடமெல்லாம் சின்னச் சின்னச் சாய்சதுரக் கட்டம். வெளிச்சம் குறையும் பக்கத்தில் கட்டத்துக்குள்ளே ஒற்றைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் ஓர் ஆள் உட்கார்ந்து ஊசி முனையால் வைத்திருக்கிறார். அன்றைக்கு மகன் சாப்பிடக் கூப்பிட்டதுகூட எனக்குக் காதில் விழவில்லை.

நகலில் வேறு மாதிரிப் புள்ளி. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு நாலும் பூ மாதிரி வட்டம் கட்டி இருக்கும். கோடு என்று நினைத்தது புள்ளிகளாகக் கலைந்துபோகும். அப்படி இருந்தால் அது நாலு கலர் ஆஃப்செட். பரிசுக் கடையில் அலங்காரத்துக்கு விற்பது, வாங்க வேண்டாம்.

ஆனால் தடவினால் வழுவழுவென்று இருக்கிறது என்பதற்காக மட்டும் போலி என்று தள்ளிவிடக் கூடாது. சின்ன ஊர்க் கம்பெனிகளுக்குத் தகடு செதுக்கக் காசு இருக்காது. அவை கல்லச்சில், அதாவது லித்தோவில் அடித்துக்கொண்டன. சிகாகோவின் கோஸ் லித்தோகிராஃபிங் மாதிரி நிறுவனங்கள் ஓரச் சித்திரத்தோடு வெற்றுத் தாளை அடித்து விற்றன. நடுவில் கம்பெனிப் பெயரை உள்ளூர் அச்சகம் சேர்த்துக்கொள்ளும். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரித்தான். லித்தோவில் மை மேடாக இருக்காது, ஆனாலும் கோடு முழுக் கோடாக, ஒரே நிறத்தில் இருக்கும். பழைய லித்தோவையும் புது ஆஃப்செட்டையும் இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

இந்தப் பத்திரங்களில் ஏன் இத்தனை மனித உருவங்கள் என்று நானும் யோசித்ததுண்டு. நியூயார்க் பங்குச் சந்தை, தன்னிடம் பட்டியலாகும் கம்பெனியின் பத்திரத்தில் செதுக்கிய மனித உருவம் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ரயில் எஞ்சினைப் பார்த்து வரைந்துவிடலாம், முகத்தை அச்சு அசலாகக் கள்ள அச்சு அடிப்பது கஷ்டம். கோணம் கொஞ்சம் மாறினாலும் பார்க்கிறவர் கண்ணுக்குப் பட்டுவிடும்.

வாசிக்கும் வரிசை

நான் வாசிப்பது இப்படி. முதலில் கம்பெனிப் பெயர், எந்த மாநிலச் சட்டத்தில் பதிவானது. அப்புறம் ஒரு பங்கின் முகமதிப்பு, அதாவது தாளில் அச்சிட்ட மதிப்பு. பல ரயில்களுக்கு 100 டாலர், பென்சில்வேனியா ரயில்ரோடுக்கு 50 டாலர். அடுத்து வரிசை எண், வாங்கியவர் பெயர், எத்தனை பங்கு, தேதி. தேதியில் "18" மட்டும் அச்சிட்டு மீதியைக் கையால் எழுத இடம் விட்டிருப்பார்கள். அச்சு எந்தக் காலத்தது, எழுத்து எந்தக் காலத்தது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒட்டிய வரி ஸ்டாம்பும் சாட்சி சொல்லும். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862 முதல் 1872 வரை அமெரிக்க அரசு பத்திரங்களுக்கு ஸ்டாம்ப் வரி போட்டது. பங்குப் பத்திரத்தில் 25 சென்ட் ஸ்டாம்பை அடிக்கடி பார்க்கலாம். ஸ்பெயினோடு சண்டை வந்தபோது 1898-இல் மறுபடி போட்டார்கள். அந்த ஸ்டாம்பில் போர்க்கப்பல் படம் இருக்கும். 1885 தேதியிட்ட பத்திரத்தின் முகப்பில் கப்பல் ஸ்டாம்ப் இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். பின்னாளில் கைமாறியபோது ஒட்டியதா என்று பின்பக்கத்தைப் பார்த்தால் விடை கிடைக்கலாம்.

பின்பக்கம்தான் பலரும் பார்க்காதது. பங்கை விற்றவர் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து, யார் பெயருக்கு மாற்றப்பட்டது என்பது அங்கே இருக்கும். கணவர் இறந்த பிறகு விதவை விற்றது, வாரிசுதாரர் விற்றது எல்லாம் அதில் வரும்.

இப்போது ஒரே ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். வெஸ்ட் ஷோர் ரயில்ரோடு கம்பெனி, 4 சதவீத அடமானக் கடன் பத்திரம், 1,000 டாலர். கூப்பன் கிடையாது, சொந்தக்காரர் பெயர் எழுதிப் பதிவு செய்த வகை. வருஷத்துக்கு 40 டாலர் வட்டி, ஆறு மாதத்துக்கு 20 டாலர். அசல் திரும்பி வரும் ஆண்டைப் பார்த்தேன்: 2361. அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். 2361-தான்.

ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் நியூயார்க் சென்ட்ரலுக்குப் போட்டியாகப் போட்ட பாதை வெஸ்ட் ஷோர். அதற்குப் பின்னால் பென்சில்வேனியா ரயில்ரோடு இருக்கிறது என்று நினைத்து, பதிலுக்கு நியூயார்க் சென்ட்ரல் தரப்பு வாண்டர்பில்ட் குடும்பம், பென்சில்வேனியா ரயில்ரோடின் எல்லைக்குள் சவுத் பென்சில்வேனியா என்றொரு பாதைக்கு மலையைக் குடைய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் பணம் கரைந்தது. 1885 ஜூலையில் வங்கி முதலாளி ஜே. பி. மார்கன் இரு கம்பெனித் தலைவர்களையும் கோர்செயர் என்ற தன் உல்லாசப் படகில் ஏற்றி, ஒப்புக்கொள்ளும்வரை ஆற்றில் மேலும் கீழும் ஓட்டினார். முடிவில் வெஸ்ட் ஷோர் நியூயார்க் சென்ட்ரலிடம் வந்தது, சவுத் பென்சில்வேனியா வேலை நின்றது. வெஸ்ட் ஷோர் பாதையை நியூயார்க் சென்ட்ரல் 1886 ஜனவரி 1 முதல் 475 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1886-உம் 475-உம் கூட்டினால் 2361. என் பத்திரத்தில் நியூயார்க் சென்ட்ரல் கொடுத்த உத்தரவாதமும் இருக்கிறது.

கைவிட்ட சுரங்கங்கள் 50 வருஷத்துக்கு மேல் தண்ணீர் தேங்கிக் கிடந்தன. அவற்றில் சிலவற்றைத் தோண்டி முடித்துத்தான் 1940-இல் பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையைத் திறந்தார்கள். மகன் வீட்டிலிருந்து பிட்ஸ்பர்க் போகும்போது புளூ மவுண்டன், கிட்டட்டினி சுரங்கங்கள் வழியாக எத்தனையோ தடவை காரில் போயிருக்கிறேன். பத்திரத்தை வாசித்த பிறகு போனபோது, இந்த மலைக்குள் முதலில் இறங்கியவர்கள் ரயில்காரர்கள் என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். 30 டாலர் பத்திரம் அது.

நிலை என்ன

விற்பவர்கள் சில வார்த்தைகளைப் போடுவார்கள். வெளியிட்டு ரத்தானது என்றால் உண்மையில் ஒருவர் பெயருக்குக் கொடுக்கப்பட்டு, பிறகு கைமாறியபோது செல்லாது என்று ஓட்டை போட்டோ, வெட்டியோ, சீல் குத்தியோ விட்டது. ரத்தாகாதது என்றால் யாரும் திருப்பிக் கொடுக்காமல் விட்டது. வெளியிடாதது என்றால் எழுதாமல் மிஞ்சிய வெற்றுப் பத்திரம். ஸ்பெசிமன் என்றால் அச்சிட்டவர்கள் மாதிரிக்கு வைத்திருந்தது, வரிசை எண் எல்லாம் பூஜ்யமாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது வெளியிட்டு ரத்தானதுதான். அதில்தான் ஆட்களின் கை பட்டிருக்கிறது. ஓட்டை இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டை படத்தில் விழுந்திருந்தால் விலை குறையும், முக்கியமான கையெழுத்தில் விழுந்திருந்தால் இன்னும் குறையும். வெள்ளை ஓரத்தில் இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். மடிப்பு சகஜம், மடிப்பில் கிழிந்திருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள்.

கையெழுத்துக்குக் காசு கொடுக்கும்போது

இங்கேதான் நான் அடிபட்டேன். 1880-களின் பத்திரம் ஒன்றைப் பெரிய ரயில் முதலாளியின் கையெழுத்து என்று 190 டாலருக்கு வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தபோது, தேதியும் பங்குதாரர் பெயரும் எழுதிய அதே பழுப்பு மை, எழுத்துக்குக் குறுக்கே கோடு போடும்போது அதே வலப்பக்க இழுப்பு. அலுவலகக் குமாஸ்தா தலைவருக்காகப் போட்ட கையெழுத்து. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தைவிட, 34 வருஷம் அச்சைப் பார்த்த கண் அவசரப்பட்டதே என்று வேதனைப்பட்டேன்.

அதனால் இதைச் செய்யுங்கள். நிரப்பியிருக்கும் எழுத்தையும் தலைவர் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே கை என்றால் கூடுதல் காசு தர வேண்டாம். கையெழுத்தே அச்சில் வந்திருக்கலாம், பிற்காலப் பத்திரங்களில் அதுதான் வழக்கம். பேனா மை காகித இழைக்குள் ஊறி, அழுத்திய இடத்தில் கருத்தும் தூக்கிய இடத்தில் மெலிந்தும் இருக்கும். அச்சு மையில் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது. அந்த நபர் அந்தத் தேதியில் அந்தப் பதவியில் இருந்தாரா என்றும் சரிபாருங்கள். ரயில் முதலாளி ஜே கூல்ட் கையெழுத்து வேண்டுமானால், அவர் தலைவராக இருந்த மிசூரி, கான்சாஸ் அண்ட் டெக்சாஸ் ரயில்வேயின் 1880-களின் பங்குப் பத்திரங்களில் கிடைக்கும். உண்மையான மாதிரிக் கையெழுத்தின் படத்தை அருகில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

எதிலிருந்து தொடங்குவது

சில டாலரில் தொடங்குங்கள். பென் சென்ட்ரல் சுலபமாகக் கிடைக்கும். ஜென்ம விரோதிகளாக இருந்த பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும் 1968 பிப்ரவரி 1 அன்று இணைந்து உண்டான கம்பெனி அது. 1970 ஜூன் 21 அன்று திவால் மனு கொடுத்தது. அதுவரை அமெரிக்கா பார்த்ததிலேயே பெரிய திவால். பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல், பென் சென்ட்ரல் மூன்றையும் ஒவ்வொன்று வாங்கி வரிசையாக வைத்தால் நூறு வருஷத்து வரலாறு மேசை மேல் வந்துவிடும்.

அப்புறம் எதைச் சேர்ப்பது என்று ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள். எல்லா ரயிலையும் சேர்ப்பது நடக்காத காரியம். ஒரு மாநிலம், ஓர் அச்சகம், ஒரே ஆறு, ஒரே நெருக்கடியில் விழுந்த கம்பெனிகள் என்று எதுவாகவும் இருக்கலாம். என்னுடைய வேலி பென்சில்வேனியா மண்ணைத் தொட்ட பாதைகள். வெஸ்ட் ஷோர் அந்த மண்ணைத் தொடவில்லை, சுரங்கங்களுக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

நம் ஊர் ரயில் பத்திரம் கிடைக்காதா என்று கேட்பார்கள். மெட்ராஸ் ரயில்வே, சவுத் இண்டியன் ரயில்வே இரண்டுமே லண்டனில் மூலதனம் திரட்டியவை. அதனால் இங்கே பரணில் தேடுவதைவிட இங்கிலாந்து வியாபாரிகளிடம் விசாரிப்பது நல்லது. பிரிட்டிஷ் பத்திரங்களில் அமெரிக்கப் பத்திரங்கள் மாதிரிப் படம் பெரும்பாலும் இருக்காது, எழுத்தும் சீலும்தான்.

கம்பெனியின் கதையைத் தேட பூர்ஸ் மேனுவல் என்ற ஆண்டுத் தொகுப்பைப் பாருங்கள். ஹென்றி வார்னம் பூர் 1868-இல் தொடங்கியது. எத்தனை மைல் பாதை, எவ்வளவு கடன், யார் யார் இயக்குநர் என்று கம்பெனி வாரியாக இருக்கும். பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

பெரிய எச்சரிக்கை ஒன்று. "இந்தப் பழைய ரயில்வே பத்திரத்துக்கு அமெரிக்க அரசு தங்கமாகத் தரும், இன்றைய மதிப்பு பல லட்சம் டாலர்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பல பத்திரங்களில் தங்க நாணயத்தில் தருவோம் என்று எழுதியிருக்கும், உண்மைதான். அந்தத் தங்க வாக்குறுதியை அமெரிக்க நாடாளுமன்றம் 1933-இலேயே செல்லாது என்று தீர்மானித்துவிட்டது. ரயில் கம்பெனியின் கடன் அரசின் கடனும் அல்ல. இந்த மோசடியைப் பற்றி அமெரிக்க நிதித்துறையே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. சேகரிப்பவர் ஆசைப்பட்டுக் கொடுக்கும் விலைதான் இதன் விலை. ஓய்வுப் பணத்தை இதில் கொட்டாதீர்கள்.

பத்திரமாக வைப்பது

லேமினேஷன் கூடவே கூடாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள். எனக்கு வந்த ஒரு பத்திரத்தில் முன்பு யாரோ மடிப்பில் ஒட்டிய டேப், பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கி, எஞ்சின் படத்தின் குறுக்கே பட்டையாகக் கறை போட்டிருந்தது. அது போகாது. பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மலிவான பிவிசி உறையில் மை ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத அட்டையைப் பின்னால் கொடுங்கள். மடித்த கடன் பத்திரத்தை இஸ்திரி போடாதீர்கள். விரித்து, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் படிந்துவிடும்.

சுவரில் மாட்ட ஆசை இருந்தால் நல்ல ஸ்கேன் எடுத்து அதை மாட்டுங்கள். அந்தக்காலப் பேனா மையும் காகிதமும் வெயில் வெளிச்சம் தாங்காது. நம் ஊரில் இராமபாணப் பூச்சியும் மழைக்கால ஈரமும் கூடுதல் தொல்லை. நான் உறைகளை மூடி போட்ட பெட்டியில் படுக்கை வாட்டில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். குறிப்பு எழுத வேண்டுமென்றால் தனி அட்டையில் எழுதி உறையோடு வையுங்கள்: எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது, அச்சிட்டவர், ஓட்டை எங்கே, பின்பக்கம் என்ன இருக்கிறது. பத்திரத்தின் மேல் பென்சிலால்கூட எழுத வேண்டாம்.

விமானத்தில் கொண்டுவரும்போது பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து, நாலு பக்கமும் நூலால் கட்டி, கைப்பையில் உங்களோடேயே கொண்டு வாருங்கள். கட்டும் முன் மூலைகளில் விரலை வைத்துப் பாருங்கள். அட்டை பத்திரத்தைவிட நாலு பக்கமும் அரை அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும்.